தஞ்சை விமானப் படைத் தளம் திறக்குமா?

கேள்வி: வெளிநாடுகளில் போர் விமானத் தளங்களை ஆண்டுக்கு ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்களாம். எங்கள் வயலுக்கு மேலேயே சுகோய் பறக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அதை அருகில் நின்று பார்க்க ஆசைப்படுகிறான். நம் தஞ்சாவூர்த் தளத்திலும் அப்படி ஒருநாள் நடத்தினால் என்ன? (வாசகி, ஒரத்தநாடு)

பதில்: பிரிட்டனில் 1940ஆம் ஆண்டின் வான்போரை நினைவுகூரும் வகையில், போர் முடிந்த பிறகு செப்டம்பர் மாதங்களில் தளங்களைத் திறந்துவைக்கும் வழக்கம் வேரூன்றியது. தஞ்சாவூரில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் புதுப்பிக்கப்பட்டு, 2013 மே 27 அன்று விமானப் படைத் தளமாகத் தொடங்கப்பட்டது. 2020 ஜனவரி 20 முதல் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கவல்ல சுகோய் விமானங்களின் 222ஆவது படைப்பிரிவு அங்கு இயங்குகிறது. எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டிய அத்தகைய தளத்தைத் திறப்பதில் இரகசியம் காப்பது மட்டுமே சிக்கல் என்று நான் நினைக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் தவறவிடும் தண்ணீர்ப் புட்டியின் மூடியோ தலைமுடி ஊசியோ ஓடுதளத்திற்கு உருண்டுபோனால், எஞ்சின் அதை உறிஞ்சிக்கொள்ளும்; உள்ளே சுழலும் இறக்கைத் தகடுகள் சேதமடையும். சுகோய் தரையில் இருக்கும்போது காற்று நுழையும் வாயை உள்ளிருந்து ஒரு கம்பி வலை மூடிக்கொள்வதும், விமானம் மேலெழுந்த பிறகு அது மடங்கிக்கொள்வதும் இந்த அச்சத்தால்தான். எல்லா விமானங்களுக்கும் அந்த வசதி கிடையாது. ஆகவே பார்வையாளர்கள் வந்து போன பிறகு, வீரர்கள் நடவுப் பெண்களைப் போல வரிசையாகக் குனிந்து ஓடுதளம் முழுவதையும் பொறுக்கிச் சுத்தம் செய்தால்தான் மறுநாள் விமானம் பறக்க முடியும்.

அடுத்தது உயிர்ப் பாதுகாப்பு. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில், இத்தாலிய சாகச விமானங்கள் மோதிக்கொண்டு, அவற்றுள் ஒன்று கூட்டத்தில் விழுந்ததில் 70 பேர் இறந்தனர். கூட்டத்தை நோக்கிப் பறக்கும் சாகசங்களுக்குப் பல நாடுகள் கடும் கட்டுப்பாடு விதித்தது அதன் பின்னர்தான். நம் ஊரிலோ, விமானம் எதுவும் விழாமலேயே, 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த வான் சாகச நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தனர். வெயிலும் நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும்தான் அன்று பேசப்பட்டன. தஞ்சாவூரில் ஒருநாள் கதவைத் திறப்பதென்றால், பந்தலுக்கும் குடிநீருக்கும் திரும்பிப் போகும் பேருந்துகளுக்கும் முதலில் திட்டம் வேண்டும். அவ்வாறு முறையாக நடத்தினால் நான் அதை முழு மனத்துடன் வரவேற்பேன்.

அதுவரை உங்கள் மகனுக்கு ஏற்ற இடம் பெங்களூரு. எலகங்கா விமானப் படைத் தளத்தில் ஈராண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரியில், ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கிறது. 2025இல் அதன் கடைசி இரண்டு நாட்கள் பொதுமக்களுக்கு ஒதுக்கப்பட்டன. அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிக்கொண்டு, தஞ்சாவூரிலிருந்து மைசூரு எக்ஸ்பிரஸில் கிளம்பலாம். கண்காட்சி இல்லாத காலத்தில் சென்றால், விமானங்களைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். அந்நகரில் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில், 1961இல் முதன்முதலாகப் பறந்த மாருத் போர் விமானத்தை அவன் அருகிலேயே நின்று பார்க்கலாம்.