போக முடியாதவர்களின் கச்சேரி

வாசகர் கடிதம்

வணக்கம்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், இன்றைக்கும் பெரம்பூர்தான். பள்ளியில் என்னோடு படித்த ஆங்கிலோ இந்தியத் தோழிகள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் பாதிப் பேச்சு பாடகர் கிளிஃப் ரிச்சர்டைப் பற்றித்தான். கச்சேரிக்கு முன்னால் அவர் ஏதாவது வானொலியில் பேட்டி கொடுத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்போம். போன முறை லண்டனில் இரவு ஏழு மணி. எனக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, பெர்த்தில் இருப்பவளுக்கு விடியற்காலை மூன்று. "கச்சேரிக்கே போகப் போறதில்ல, பேட்டியை எதுக்கு ஆயா முழிச்சிருந்து கேக்குற?" என்கிறாள் பேத்தி.

அது போகட்டும். பேட்டி முடிந்ததும் பெர்த் தோழி, "குரல் தளர்ந்துவிட்டது" என்று எழுதினாள். லண்டனில் இருப்பவள் சண்டைக்கு வந்தாள். அவள்தான் அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியிருப்பவள். ரசிகையாக இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று கேட்டாள். இப்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. நீங்கள் ராயபுரத்துக்காரர், பாட்டைப் பற்றியும் எழுதுகிறீர்கள். யார் பக்கம் நியாயம்?

ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்

அன்புள்ள அம்மா,

பெர்த் தோழி பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு உங்கள் பேத்தியின் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கிளிஃப் ரிச்சர்டைத் தெரியாத வாசகர்களுக்காக நாலு வரி. 1940-ல் லக்னோவில் பிறந்தவர். இயற்பெயர் ஹாரி வெப். அப்பாவுக்கு இந்திய ரயில்வேயில் உணவு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனத்தில் மேலாளர் வேலை. ஹவுராவிலும் கொஞ்ச காலம் இருந்தார்கள். 1948-ல் குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். 1958-ல், பதினேழு வயதில், முதல் இசைத்தட்டு வந்தது. பீட்டில்ஸ் இசைக்குழு வருவதற்கு முந்தைய சில வருடங்களில் பிரிட்டனின் பதின்வயதுப் பெண்களுக்கு அவர்தான் எல்லாம். அப்பா ரயில்வேயை ஒட்டிப் பிழைத்தவர் என்பதாலேயே நம் பக்கத்து ரயில்வே குடும்பங்களில் அவரை வெளிநாட்டுக்காரராக யாரும் பேசிக் கேட்டதில்லை. நம்ம வீட்டுப் பையன் லண்டன் போய்ப் பெரிய ஆளாகிவிட்டான் என்கிற தொனிதான் இருக்கும்.

ஆனால் அந்தப் பையனை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. கேட்டது மட்டும்தான். இதை உங்கள் பேத்திக்குச் சொல்லுங்கள்.

பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1952-ல், அகில இந்திய வானொலியில் இருந்து சினிமாப் பாட்டு காணாமல் போனது. 1957 அக்டோபரில் விவித பாரதி வரும்வரை, வானொலிப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் முள் இலங்கைப் பக்கம்தான் திரும்பியிருந்தது. அப்புறமும் அந்தப் பழக்கம் போகவில்லை. தமிழ்ப் பாட்டும் இந்திப் பாட்டும் தேடிப் போன அதே இடத்தில்தான் ஆங்கிலப் பாட்டும் கிடைத்தது. பெட்டிக்குத் தபால் நிலையத்தில் லைசன்ஸ் கட்டிய காலம் அது. எல்லா வீட்டிலும் பெட்டி கிடையாது. ரெக்கார்டு வாங்குவது இன்னும் பெரிய செலவு.

எங்கள் ராயபுரம் தெருவில் அக்காக்கள் வானொலிப் பாட்டைக் கேட்டு எழுதிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாட்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். முதல் வரியை ஒருத்தி எழுதுவாள், இரண்டாவது வரியை அடுத்தவள், மூன்றாவதை இன்னொருத்தி. பாட்டு முடிந்ததும் மூன்று தாளையும் சேர்த்து ஒரு நோட்டில் ஏற்றுவார்கள். தப்பிப்போன வரிக்கு அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். ஒருத்தி கேட்டதை இன்னொருத்தி மறுப்பாள். "அவன் அப்படிப் பாடல, நீ தப்பா கேட்ட" என்று பெரிய வாக்குவாதம் நடக்கும். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசித்த பையன்களும் கிடார் கார்டுகளை (chords) காதால் கேட்டுத்தான் பிடித்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. அப்போது தமிழ் சினிமாவில் பாடுகிறவர் ஒருவர், திரையில் வாயசைக்கிறவர் வேறொருவர். நம் ரசிகர்கள் முகத்தின் பின்னால் போனார்கள். குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு மட்டும் அது மாற்றி நடந்தது. குரல் முதலில் வந்தது. ஏதாவது பத்திரிகையில் வந்த படம் கைமாறிக் கைமாறி முகம் மெதுவாக வந்து சேர்ந்தது. லண்டன் மேடை என்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கச்சேரிக்குப் போக முடியாதவர்களாகத்தான் நீங்கள் எல்லோரும் ரசிகைகள் ஆனீர்கள். ஆகவே கச்சேரிக்கு முன்னால் வரும் வானொலிப் பேட்டிதான் உங்களுக்குக் கச்சேரி. பேத்தியின் கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை.

வானொலிக்கும் அவருக்கும் உள்ள உறவே விசித்திரமானது. வயதான பிறகு பிரிட்டனில் பல நிலையங்கள் அவருடைய புதுப் பாட்டுகளைப் போடுவதை நிறுத்திவிட்டன. 1998-ல் ஒரு பாட்டை வேறொரு பெயரில் அனுப்பிவைத்தார்கள். யார் குரல் என்று தெரியாமலே அது ஒலிபரப்பானது. அடுத்த வருடம், 1999-ல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரு பழைய மெட்டில் பாடி வெளியிட்டார். பல நிலையங்கள் மறுத்துவிட்டன. ரசிகர்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள், மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பாட்டைப் போடாத வானொலி பேட்டிக்கு மட்டும் கூப்பிடும்போது, அந்தப் பேட்டியை விட்டால் ரசிகருக்கு வேறு என்ன இருக்கிறது?

2014-ல் ஒரு புகாரின் பேரில் போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டதைத் தொலைக்காட்சி ஹெலிகாப்டரில் இருந்து காட்டியது. கைது இல்லை, குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அவருடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று 2018-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த நான்கு வருடமும் உங்களைப் போன்றவர்கள் அவர் பேச்சில் எதைத் தேடியிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. மனுஷன் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, பழையபடி சிரிக்கிறாரா என்றுதான் தேடியிருப்பீர்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

பெர்த் தோழி கேட்டது உண்மையாகவே இருக்கலாம். வயதானால் குரல்நாண்கள் நெகிழ்வை இழக்கின்றன, அவற்றின் தசை மெலிகிறது, நுரையீரல் பிடிக்கும் காற்றும் குறைகிறது. உச்ச ஸ்தாயியும் நீட்டிப் பிடிக்கும் கார்வையும்தான் முதலில் அடிபடும். அதனால்தான் வயதான பாடகர்கள் ஒரு கட்டை இறக்கிப் பாடுகிறார்கள், ஒரே மூச்சில் பாடிய வரியை இரண்டாக உடைக்கிறார்கள். ஆண்களுக்குப் பேசும் குரல் முதுமையில் சற்று மேலே ஏறுவதும் உண்டு. பதினேழு வயதுக் குரலை மனதில் வைத்திருக்கும் காதுக்கு அது தளர்ச்சியாகத் தெரியும்.

ஆனால் அவர் நிலையத்துக்கு வந்து மைக் முன்னால் பேசினாரா, தொலைபேசியில் பேசினாரா என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்களைத்தான் கடத்தும். கீழே இருக்கும் கனமும் மேலே இருக்கும் பளபளப்பும் போய்விடும். யார் பேசினாலும் மெலிந்து கேட்கும். இன்னொன்று, பேசும் குரலை வைத்துப் பாடும் குரலைக் கணிக்க முடியாது. பேசும்போது கரகரத்துவிட்டு, பாட உட்கார்ந்ததும் கணீரென்று எடுப்பவர்களை நம் கச்சேரிகளிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆகவே பெர்த் தோழியின் முடிவு தவறாக இருக்கலாம். அவர் கேட்ட விதத்தில் எந்தத் தவறும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ஒரு மனிதரின் மூச்சு எந்த இடத்தில் உடைகிறது என்று கவனிப்பவரை அன்பில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? பேட்டி எடுப்பவர் எப்போதும் கேட்கும் கேள்விகளைத்தான் கேட்பார். இளமையின் ரகசியம் என்ன, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். குரல் எப்படி இருக்கிறது என்று அந்த அறையில் யாரும் கவனிக்காதபோது பெர்த்தில் ஒருத்தி கவனித்திருக்கிறார். புகழ மட்டும் தெரிந்த ரசிகர்கள் மேடையில் இருப்பவருக்குத் துணை ஆக மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

லண்டன் தோழியின் கோபமும் எனக்குப் புரிகிறது. உங்கள் எல்லோர் சார்பாகவும் அரங்கில் உட்காரப் போகிறவர் அவர் ஒருவர்தான். கச்சேரிக்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை வந்து விழுந்தால் பயம் வரும். அவரிடம் பெர்த் தோழியோடு சமாதானமாகப் போ என்று சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். அரங்கில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளட்டும். எந்தப் பாட்டை இறக்கிப் பாடினார், எந்த இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள், எந்த வரியைக் கூட்டத்திடம் விட்டார், இதையெல்லாம் எழுதட்டும். அரங்கில் பதிவு செய்ய விடுவார்களோ மாட்டார்களோ, நோட்டை யாரும் தடுக்க மாட்டார்கள். பெர்த் தோழி பேட்டியில் எந்த நிமிடத்தில் எதைக் கேட்டார் என்பதை இப்போதே எழுதி வாங்கிவையுங்கள். அப்புறம் இரண்டையும் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இருவரும் பேசாமல் இருக்க முடியாது.

முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அம்மா. பேத்திக்கு என் அன்பு.