செப்சிஸ் சிகிச்சையையே மாற்றியது என்கிற டாக்டர் ரிவர்ஸின் ஆய்வு, பிறகு தவறென்று ஆகிவிட்டதாமே, உண்மையா?

பாதி உண்மை. இப்படி ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்துக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் யாரோ ஐ.சி.யூ.வில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் சந்தோஷம். நான் டாக்டர் இல்லை, ஸ்டாஃப் நர்ஸ். "நர்ஸுக்கு ஆராய்ச்சி பற்றி என்ன தெரியும்" என்று கேட்க வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். எமானுவேல் ரிவர்ஸ், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவு டாக்டர். ஐ.சி.யூ.வில் படுக்கை கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், அவசரப் பிரிவிலேயே முதல் 6 மணி நேரத்துக்குள் சென்ட்ரல் லைன் (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் வரை செலுத்தும் குழாய்) போட்டு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றுக்கும் இலக்கு வைத்து வைத்தியம் பார்த்தார். 263 நோயாளிகள். வழக்கமான சிகிச்சையில் 46.5 சதவீதம் பேர் இறந்தார்கள், அவர் முறையில் 30.5. 2001-இல் வெளியானது.

அப்புறம் 2014, 2015-இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. அவர் முறைக்கும் வழக்கமான சிகிச்சைக்கும் வித்தியாசமே இல்லை. உடனே "ரிவர்ஸ் தோற்றார்" என்றார்கள். ஆனால் அதற்குள் அந்த "வழக்கமான சிகிச்சை"யே மாறிவிட்டதே! ஆய்வில் சேரும் முன்பே பெரும்பாலானோருக்கு ஆன்டிபயாட்டிக்கும் சலைனும் ஏறியிருந்தன. ஆளுக்கெல்லாம் சென்ட்ரல் லைன் வேண்டாம் என்று ஆனது. சீக்கிரம் கண்டுபிடி, சீக்கிரம் ஆரம்பி என்பது நிலைத்துவிட்டது. என் கணக்கில் அவர் ஜெயித்தவர்தான்.

சரி, சீக்கிரம் கண்டுபிடிப்பது யார்? என் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனை. நைட் டியூட்டி, 18 படுக்கைக்கு நான் ஒருத்தி. மூத்திரத் தொற்றோடு சேர்ந்திருந்த ஒரு தாத்தா, சர்க்கரைக்காரர். இரவு பதினொரு மணிக்கு என்னைப் பார்த்து, "பஸ் போயிடுச்சா பாப்பா?" என்றார். மருமகள், "தூக்கக் கலக்கம் சிஸ்டர்" என்று சிரித்தார். சாயங்காலம் தெளிவாக என் ஊரை விசாரித்த மனுஷன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் வேறு மாதிரி மூச்சு விடுவார்கள், அதற்காக இந்த நடிப்பு. ஒரு நிமிடத்துக்கு 32. பிரஷர் 90/60. காய்ச்சல் பெரிதாக இல்லை, அதுதான் ஏமாற்றும். டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "காலையில் பார்க்கலாம்" என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டேன், திட்டிக்கொண்டே வந்தார். வந்து பார்த்த பிறகு திட்டவில்லை. லாக்டேட் (உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் அமிலம்) 5-ஐத் தாண்டியிருந்தது. எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு இரண்டு கையிலும் ரத்தம் எடுத்து, உடனே ஆன்டிபயாட்டிக், சலைன், அப்புறம் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து. பதினோராம் நாள் தாத்தா நடந்து வீட்டுக்குப் போனார்.

மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழ், புத்தித் தடுமாற்றம்: மூன்றில் இரண்டு இருந்தால் உஷார் என்று 2016-இல் நிபுணர்கள் எழுதி வைத்தார்கள். அதை மட்டும் நம்பாதே என்று 2021-இல் திருத்தினார்கள். தெரியும், திருத்த வராதீர்கள். மூச்சை எண்ண ஒரு வாட்ச் போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வாட்சைப் பார்க்கத்தான் நேரம் கிடையாது.

எந்த வார்டிலும் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், மூச்சு எண்ணிக்கை எல்லாருக்கும் 20 என்றே இருக்கும். யாரும் எண்ணுவதில்லை. தாத்தாவின் சார்ட்டிலும் எட்டு மணிக்கு 20 என்று இருந்தது. அது என் கையெழுத்து.