டிஸ்க்கில் பழுதில்லை, ஆனாலும் பெட்டி ஏற்கவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். நான்கு டிஸ்க் போடக்கூடிய நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) 4 டெராபைட் டிஸ்க்குகளாக நான்கு போட்டு, ரெய்டு 5 முறையில் (எல்லா டிஸ்க்கையும் சேர்த்து ஒரே தொகுதியாக்கும் முறை) வைத்திருக்கிறேன். ஒரு டிஸ்க் பழுதானது. கடையில் அதே நிறுவனத்தின் 4 டெராபைட் டிஸ்க் வாங்கி மாட்டினேன். ரீபில்ட், அதாவது போன டிஸ்க்கின் தகவலைப் புதியதில் மறுபடி உருவாக்கும் வேலை தொடங்கியது, எடிட்டிங் வேலையும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகியும் பாதிகூட முடியவில்லை. மூன்றாம் நாள் புதிய டிஸ்க்கையே பழுது என்று காட்டிப் பெட்டி ஒதுக்கிவிட்டது. கடைக்காரர் தன் கணினியில் மாட்டிப் பார்த்து, ‘டிஸ்க்கில் குறையே இல்லை, மாற்றித் தர முடியாது’ என்கிறார். பெட்டிதான் போய்விட்டதா? புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: புதிய பெட்டி வாங்காதீர்கள். மறுபடி ரீபில்டும் தொடங்காதீர்கள். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவது போனால் அத்தனையும் போய்விடும். இப்போது உங்களிடம் இருப்பவை வயதான மூன்று டிஸ்க்குகள். ரீபில்ட் என்றால் அந்த மூன்றையும் முதல் செக்டார் (தகவல் எழுதப்படும் சிறு துண்டு) தொடங்கிக் கடைசி செக்டார் வரை படித்தாக வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் அவற்றின் ஆயுளைப் பணயம் வைப்பதுதான். இன்றைக்கே ஒரு பெரிய யு.எஸ்.பி. டிஸ்க் வாங்கி, வாடிக்கையாளருக்கு இன்னும் ஒப்படைக்காத வீடியோக்களை முதலில் நகலெடுங்கள்; மற்றவை அதற்குப் பிறகு. அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் உங்கள் பெட்டியில் இருக்கிறது, இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

இனிக் காரணத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், புதிய டிஸ்க் எஸ்.எம்.ஆர். வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வழக்கமான சி.எம்.ஆர். டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எஸ்.எம்.ஆர். வகையில், ஓட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பதுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் சற்றே ஏறி நிற்கும். அதனால் குறைந்த இடத்தில் அதிகம் அடங்கும், தயாரிப்புச் செலவு குறையும். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால், அதன் மேல் ஏறி நிற்பவற்றையும் திரும்ப எழுத வேண்டும். இதைச் சமாளிக்க, வருகிற தகவலை டிஸ்க் முதலில் ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உரிய இடத்துக்கு மாற்றும். வீட்டுக் கணினியில் அந்த ஓய்வு தாராளமாகக் கிடைக்கிறது. ரீபில்டில் கிடைப்பதில்லை, கூடவே எடிட்டிங்கும் நடந்தால் சுத்தமாக இல்லை. அந்தத் தனிப் பகுதி நிரம்பியதும் வேகம் படுத்துவிடும், சில சமயம் டிஸ்க் நெடுநேரம் பதிலே தராது. பதில் வராத டிஸ்க்கைப் பெட்டி செத்ததாகக் கருதி ஒதுக்கிவிடும். கடைக்காரர் தன் கணினியில் பார்த்தபோது குறை தெரியாததற்கும் இதுவே காரணம். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்குச் சராசரியாக 150 மெகாபைட் எழுதினால் 4 டெராபைட் நிரம்ப ஏழரை மணி நேரம் போதும். வேறு வேலையும் சேர்ந்தால் ஒரு நாள் ஆகலாம். நாள் கணக்கில் இழுத்தால் டிஸ்க் வகையைச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் வாங்குபவர் மீது தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020 ஏப்ரலில், நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்.எம்.ஆர். என்பது வெளியே வந்தது. விவரத்தாளில் அது சொல்லப்படவே இல்லை. ரீபில்ட் முடியாமல் தவித்தவர்கள், குறிப்பாக இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தியவர்கள், தாங்களே சோதித்துக் கண்டுபிடித்தார்கள். சீகேட், தோஷிபா ஆகியவற்றின் சில மேசைக் கணினி டிஸ்க்குகளும் அப்படிச் சொல்லாமலே விற்கப்பட்டது அப்போது தெரிந்தது. அதன் பிறகுதான் வெஸ்டர்ன் டிஜிட்டல் சி.எம்.ஆர். டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்ற பெயரில் தனியே பிரித்தது. டிஸ்க் வரும் அட்டைப்பெட்டி மேல் நாஸ் என்று அச்சிட்டு, உள்ளே நாஸ் வேலைக்கு ஒத்துவராததை வைத்து விற்றதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது.

ஆகவே, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள முழு மாடல் எண்ணைப் பாருங்கள். கொள்ளளவும் நிறுவனப் பெயரும் போதாது. அந்த ரெட் வரிசையில் ‘ஈஎஃப்ஆர்எக்ஸ்’ (EFRX) என முடியும் 4 டெராபைட் டிஸ்க் சி.எம்.ஆர்.; ‘ஈஎஃப்ஏஎக்ஸ்’ (EFAX) என முடியும் 4 டெராபைட் எஸ்.எம்.ஆர். ஒரே எழுத்துதான் வித்தியாசம். எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை நிறுவனங்கள் இப்போது தங்கள் தளங்களில் தருகின்றன. அதைப் பார்த்து, பெட்டித் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலிலும் சரிபார்த்து, நாஸுக்கான சி.எம்.ஆர். டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். நகல் முடிந்த பிறகு, எடிட்டிங்கை நிறுத்திவிட்டு ரீபில்ட் செய்யுங்கள்.

மாடல் எண் சி.எம்.ஆர். என்றே வந்தால், அது மேசைக் கணினிக்கான டிஸ்க்கா என்று பாருங்கள். படிக்க முடியாத செக்டார் வந்தால் ரெய்டுக்கான டிஸ்க் சுமார் 7 நொடியில் கைவிட்டுத் தகவல் சொல்லிவிடும். மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு பெட்டி அதைச் சரிசெய்துகொள்ளும். மேசைக் கணினி டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அந்தத் தாமதத்திலும் அது ஒதுக்கப்படலாம்.

கடைக்காரர் விஷயம்: நாஸுக்கு வேண்டும் என்று சொல்லிக் கேட்டீர்களா என்பதே முக்கியம். சொல்லியிருந்தால், குறிப்பாக வாட்ஸ்அப்பிலோ பில்லிலோ அது பதிவாகியிருந்தால், உங்கள் பக்கம் வலு இருக்கிறது. வெறுமனே 4 டெராபைட் என்று கேட்டிருந்தால் வாதம் பலவீனம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. ஆனால் சுயதொழில் செய்து அதிலேயே பிழைப்பவருக்கு விலக்கு தருகிறது. நீங்களே கேமரா பிடித்துப் பிழைப்பவரானால் அந்த விலக்கைக் கோரலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சரியாகவில்லை என்றால் மாவட்ட ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: இணையத்தில் சர்வர் டிஸ்க்குகள் பாதி விலைக்குக் கிடைத்தன. வாங்கினால் என் நாஸில் செருகவே முடியவில்லை. இணைப்பான் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. உங்களிடம் வந்திருப்பவை சாஸ் என்ற சர்வர் இணைப்பு வகை டிஸ்க்குகள்; உங்கள் நாஸ் ஏற்பது சாட்டா வகை. பின்புறத்தைப் பாருங்கள்: சாட்டா டிஸ்க்கில் தகவல் இணைப்புக்கும் மின் இணைப்புக்கும் நடுவே ஒரு வெட்டு இருக்கும். சாஸில் அந்த வெட்டு அடைபட்டிருக்கும். தவறான இடத்தில் செருகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சாஸ் வசதியுள்ள பெட்டியில் சாட்டா டிஸ்க் பெரும்பாலும் வேலை செய்யும். சாட்டா பெட்டியில் சாஸ் டிஸ்க் ஒருபோதும் வேலை செய்யாது. சில நூறு ரூபாய்க்கு விற்கும் இணைப்பான் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும். இரண்டும் பேசும் மொழியே வேறு.

சாஸ் கார்டு போட்ட கணினி இருந்தால் பயன்படுத்தலாம். அங்கேயும் ஒரு சிக்கல் வரும். பெரிய நிறுவனங்களின் சேமிப்பு அலமாரிகளிலிருந்து கழற்றப்பட்ட டிஸ்க்குகள் பல, ஒரு செக்டாருக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் என்ற அளவில் வடிவமைக்கப்பட்டிருக்கும். கணினி டிஸ்க்கைக் காட்டும், ஆனால் எழுத விடாது. லினக்ஸில் ‘எஸ்ஜி_ஃபார்மட்’ (sg_format) கட்டளையால் 512-க்கு மாற்றலாம். பல மணி நேரம் பிடிக்கும், உள்ளே இருப்பது எல்லாம் அழியும், நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். யு.பி.எஸ். இல்லாமல் இறங்காதீர்கள்.

விளம்பரத்தில் சாட்டா என்றோ நாஸுக்குப் பொருந்தும் என்றோ எழுதியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. அந்தப் பக்கத்தை உடனே படம் பிடித்து வையுங்கள். சாஸ் என்றே எழுதியிருந்தால் இந்த விதி கைகொடுக்காது. தளம் தானாகத் தரும் திருப்பியனுப்பும் வசதியை நாள் தாண்டுவதற்குள் பயன்படுத்துங்கள்.

கேள்வி: சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டி வாங்க நினைக்கிறேன். அதில் அந்த நிறுவனத்தின் சொந்த டிஸ்க்குகளை மட்டுமே போட முடியும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: சில மாதங்களுக்கு ஓரளவு உண்மையாக இருந்தது. 2025-இல் வந்த பிளஸ் வரிசைப் பெட்டிகளில், சொந்த டிஸ்க்குகளும் சான்றளித்தவையும் தவிர மற்றவற்றைக் கொண்டு புதிதாகச் சேமிப்புத் தொகுதி அமைக்க முடியாதபடி அந்நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த, அந்தப் பெட்டிகளின் இயங்குதளமான டி.எஸ்.எம். 7.3 பதிப்பில் ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.களுக்கும் அந்தத் தடையை நீக்கினார்கள். சிறு அட்டை வடிவிலான எம்.2 எஸ்.எஸ்.டி.களுக்கு மட்டும் பட்டியல் விதி தொடர்ந்தது. எம்.2 வாங்குவதாக இருந்தால் பட்டியலைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி: யு.எஸ்.பி. டிஸ்க்கின் உறையைப் பிரித்து உள்ளே இருந்ததைக் கணினியில் மாட்டினேன். சுழலவே இல்லை. பழைய உறையில் வைத்தால் ஓடுகிறது.

பதில்: சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது முனைதான் காரணமாக இருக்கும். புதிய தரத்தில் அந்த முனையில் 3.3 வோல்ட் வந்தால் ‘நின்றுவிடு’ என்று பொருள். உங்கள் கணினியின் பவர் சப்ளை அதைத் தொடர்ந்து அனுப்புகிறது. அந்த முனையைக் கேப்டன் டேப்பால் (மின்சாரம் கடத்தாத, வெப்பம் தாங்கும் டேப்) மறைத்தால் ஓடும். பழைய மோலெக்ஸ் மின் இணைப்பைச் சாட்டாவாக மாற்றும் மலிவான கம்பியாலும் ஓடும்தான், ஆனால் செருகும் தலை முழுக்க பிளாஸ்டிக்கில் வார்த்த வகை உருகித் தீப்பிடித்திருக்கிறது, டேப்பே மேல். உறையைப் பிரித்த டிஸ்க்குக்கு உத்தரவாதம் கேட்டால் மறுக்க வாய்ப்புண்டு என்பதால், உறையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.