கூரியர் சர்வர் படுத்தா கடை பில்லும் நிக்கணுமா?

கேள்வி: காரைக்குடியில ஒரு பலகாரக் கடைக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கேன். மொதல்ல பில் மட்டும்தான், அப்புறம் யுபிஐ, வெளியூர் ஆர்டர், சிங்கப்பூர் பார்சல்னு ஒண்ணொண்ணா சேந்துருச்சு. போன தீபாவளிக்கு கூரியர் கம்பெனி சர்வர் படுத்துச்சு, கூடவே பில்லும் நின்னுருச்சு. தேன்குழலும் அதிரசமும் எடுத்து வச்சுட்டு ஆச்சிமாரெல்லாம் வரிசைல காத்துக் கெடந்தாங்க. எல்லாத்தையும் புதுசா எழுதிரலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: வேணாம் தம்பி. கடைக்காரர் சொல்லச் சொல்ல நீங்க சேர்த்த சின்னச் சின்ன விஷயம்லாம் அந்தப் பழைய கோடுலதான் (புரோகிராம்லதான்) இருக்கு, புதுசா எழுதுறப்போ அதுல பாதி விட்டுப்போகும். கோடு பழசானதா பிரச்சனை? கவுண்டர்ல நிக்கிறவங்க எங்கேயோ போற பார்சல் ரேட்டுக்காகக் காத்திருந்தாங்களே, அதுதான் பிரச்சனை.

மொதல்ல எது நிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணுங்க. உங்களுக்கு அது பில். கூரியர் ரேட் ரெண்டு செகண்டுல வரலைன்னா கடைசியா வந்த ரேட்டைப் போட்டு, பின்னால சரிபார்க்கணும்னு குறிச்சு வச்சுட்டு மேல போயிரணும். தொடர்ந்து ஃபெயில் ஆனா கொஞ்ச நேரம் கூப்பிடுறதையே நிறுத்திருங்க, இதத்தான் சர்க்யூட் பிரேக்கர்ங்கிறாங்க, வீட்டு மெயின் போர்டுல ட்ரிப் ஆகுற மாதிரிதான், அப்புறம் ஒரே ஒரு ரிக்வெஸ்ட் விட்டுப் பாத்து பதில் வந்தா பழையபடி ஓட விடலாம். பதில் வரலைன்னு அதே ஆர்டரைத் திரும்பத் திரும்ப அனுப்புற இடத்துல ஆர்டருக்கு ஒரு தனி நம்பர் கட்டாயம் வேணும், இல்லன்னா ரெண்டு கிலோ சீப்புச்சீடை நாலு கிலோவா பதிவாயிரும்.

புதுசு சேர்க்கறதைவிட பழசைக் கழிக்கிறதுல ரொம்ப கவனமா இருங்க. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்கு வர்த்தக கம்பெனி, 8 சர்வர்ல ஒண்ணுல மட்டும் புது கோடு ஏறல, அதுல பல வருஷமா சும்மா கெடந்த பழைய கோடு இருந்துச்சு, அதை ஓட விடுற ஃப்ளாகையே, அதாவது ஆன்-ஆஃப் சுவிட்ச் மாதிரி ஒரு குறியையே, புது வேலைக்கும் எடுத்துக்கிட்டதால அது முழிச்சுக்கிச்சு. சுமார் 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல போச்சு. கோடு தப்புங்கிறதைவிட, ஓடாத கோடை எடுக்காம விட்டதும் எல்லா சர்வரும் ஒண்ணா இருக்கான்னு பாக்காததும்தான் என்னைய உறுத்துது.

நெட்ஃப்ளிக்ஸ்காரங்க கேயாஸ் மங்கின்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு ஓடுற சர்வரையே வேணும்னே நிறுத்திப் பாப்பாங்க. உங்களுக்கு அவ்வளவு வேணாம். அடுத்த தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி, கூட்டம் இல்லாத நேரமா பாத்து, கடைக்காரர்ட்ட சொல்லிட்டு கூரியர் கனெக்ஷனைத் துண்டிச்சு விட்டு ஒரு பில் போட்டுப் பாருங்க, எங்க மாட்டுதுன்னு எழுதுங்க.