கடலைக் கொல்லையில் கல் ஆயுதம்: கேட்டதும் சொன்னதும்

ஊத்துக்கோட்டையிலிருந்து குப்பம் வரை, தமிழ்நாடு, ஆந்திர எல்லைக்கு இரு பக்கமும் உள்ளவர்கள் கொல்லையில் கிடைக்கும் பழங்காலக் கல் ஆயுதங்களைப் பற்றிக் கேட்டவை இவை. முப்பது வருஷமாக இந்தக் கொல்லைகளில் குனிந்தே நடந்தவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன்.

நாகலாபுரம், விவசாயி: அண்ணா, கடலைக்கு ஏர் ஓட்டும்போது ஒரு கல் கிடைச்சுது. உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் கூர். அம்பு முனைதானே?

இல்லை தம்பி. அவ்வளவு கனத்தைக் கட்டினால் அம்பு பறக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கைக்கோடரி போலிருக்கிறது, காம்பில்லாமல் கையிலேயே பிடித்து வேலை செய்த கல் கருவி. 1863 மே மாதம் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்ததும் இந்த வகைதான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி எடுத்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். வில்லும் அம்பும் அதற்கு எவ்வளவோ பிந்தியவை.

சத்தியவேடு, மாணவி: அப்போ நம்ம பக்கம் அம்பு முனையே கிடைக்காதா சார்? அமெரிக்க வீடியோவில் இலை மாதிரி அழகா எடுக்கறாங்களே.

கிடைக்கும் அம்மா, ஆனால் அந்த உருவத்தில் தேடினால் காலடியில் கிடப்பதை மிதித்துப் போய்விடுவீர்கள். அங்கே ஒரே கல்லை முழு முனையாகச் செதுக்கி, கட்டுவதற்கு அடியில் காம்போ பள்ளமோ விட்டார்கள். இங்கே பெரும்பாலும் கிடைப்பது நகத்தளவுச் சில்லு. வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) பிறையாகவும் முக்கோணமாகவும் செய்திருப்பார்கள். நுண்கற்கருவி என்று பெயர். தண்டில் காடி வெட்டி, பிசின் வைத்து, சில்லுகளைப் பதித்தால் அதுவே முனை, அதுவே பக்கக் கூர். ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். எனக்கு இன்றும் வியப்புத் தீராத வேலை அது. மரமும் பிசினும் மக்கிவிட்டன, சில்லு மட்டும் நம் கையில். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேடுகளில் இருபுறமும் செதுக்கிய கூர்முனைகளும் கிடைத்திருக்கின்றன.

பள்ளிப்பட்டு: டிராக்டர் கலப்பை பட்டுத் தெறிச்ச கல்லையும் மனுஷன் உடைச்சதையும் எப்படிப் பிரிக்கிறது?

அடி விழுந்த இடத்தில் சிறிய தட்டையான முகம் இருக்கும். அதற்குக் கீழே கல் லேசாகப் புடைத்து, அங்கிருந்து குளத்தில் கல் போட்டது மாதிரி அலை வளையங்கள் பரவும். ஆனால் கலப்பை அடித்தாலும் புடைப்பு வரலாம், அதனால் நிறத்தையும் பாருங்கள். புது உடைப்பு பளிச்சென்று உள்நிறம் காட்டும். பழைய உடைப்பில் செம்மண் ஏறி, விளிம்பு மங்கியிருக்கும். வெங்கச்சங்கல்லில் வளையம் சரியாகத் தெரியாது, அங்கே நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன். ஒற்றைக் கல்லை நம்பாதீர்கள். சில்லுகளும், அவை பெயர்ந்த தாய்க்கல்லும் ஒரே இடத்தில் கிடந்தால்தான் அங்கே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்தார் என்று சொல்லலாம்.

ஊத்துக்கோட்டை: எப்போ போகணும்?

உழுது, ஒரு நல்ல மழை பெய்து, மண் கழுவிய மறுநாள். காலை வெயில் சாய்வாக விழும்போது. கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டு.

நகரி: ஒருத்தர் விலை கேக்கறார். கொடுக்கலாமா?

வேண்டாம். தொல்பொருள் வியாபாரத்துக்கு 1972 சட்டப்படி உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் மூன்று கொல்லைக் கற்களை ஒரே பையில் போட்டுவிட்டேன். எது எங்கே கிடந்தது என்று இன்று என்னால் சொல்ல முடியாது. அழகான கற்கள், ஆனால் எதையும் சொல்லாத கற்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கிடந்தபடியே பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். செல்போனில் இடத்தைக் குறியுங்கள். தோண்டாதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். முதலில் பூண்டி அகழ்வைப்பகத்துக்கு (தொல்லியல் அருங்காட்சியகம்) ஒரு நடை போய்க் கண்ணைப் பழக்குங்கள்.

குப்பம்: எங்க ஊர் வேப்பமரத்தடியில மழமழன்னு கருங்கல் கோடரி இருக்கு, மஞ்சள் பூசிக் கும்பிடறோம். அதுவும் பழசா?

தேய்த்து வழவழப்பாக்கிய கோடரி என்றால் புதிய கற்காலம், திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் கிடைத்த வகை. உழவு தொடங்கிய காலத்து ஆயுதம். அதை எடுக்க வேண்டாம் ஐயா, மரத்தடியிலேயே இருக்கட்டும். எந்த நிலத்திலிருந்து வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் கேட்டு எழுதி வையுங்கள்.