மீட்டரைப் பார்க்காமல் பேசுங்கள்

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பும் செய்தியெல்லாம் வருகிறது. அழைத்தால் மட்டும் பேச முடியவில்லை. சாதாரண போனில் கூப்பிட்டால் பேலன்ஸ் கரைகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு தினமும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறேன். துபாய்க்கு மட்டும் ஏன் இப்படி?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் போனில் கோளாறு இல்லை அம்மா. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற செயலிகள் தனி. போட்டிம் (BOTIM) அதில் ஒன்று. நீங்களும் மகனும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே செயலி இருக்க வேண்டும்.

சரி, காசு விஷயம். தொண்ணூறுகளில் திருவல்லிக்கேணியில் எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு), ஐ.எஸ்.டி. (வெளிநாட்டு அழைப்பு) பூத் வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்குள் பேசுகிறவர்களின் கண், கட்டணம் ஓடும் மீட்டரின் சிவப்பு எண்களை விட்டு நகராது. வாரம் தவறாமல் ஒரு அம்மா வருவார், கணவர் சவூதியில். சொல்ல வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி வந்து, மூச்சு விடாமல் படித்துவிட்டு வைத்துவிடுவார். அந்தப் பக்கம் அவர் சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட நேரம் இருக்காது. எனக்குப் பணம் வாங்கவே கை கூசும். அன்றைக்கு வெளிநாட்டு அழைப்பு முழுக்க வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில். 2002ல்தான் அது மாறியது.

இன்றும் சாதாரண அழைப்பை நம் கம்பெனி துபாய் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் மகனின் போனை ஒலிக்கவைக்க அவர்கள் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். அது நம் தலையில் விழுகிறது. செயலியில் குரல் டேட்டாவாகப் போகிறது. அடுத்த தெருவானாலும் துபாயானாலும் ஒரே செலவு. வீடியோ மட்டும் டேட்டாவை நிறையத் தின்னும்.

ஆனால் ஐ.எஸ்.டி. வசதியை எடுத்துவிடாதீர்கள். ராத்திரி ஒரு அவசரம், அவன் போனில் நெட் இல்லை என்றால் அதுதான் கை கொடுக்கும். உங்கள் கம்பெனியில் துபாய்க்கு ஐ.எஸ்.டி. பேக் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிடவே கூடாது. அதிலும் காசு போகும்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9.30 என்றால் அவனுக்கு 8 மணி, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். அப்போது கூப்பிட்டு, என்ன சாப்பிட்டான் என்று நிதானமாகக் கேளுங்கள்.