கல் பங்களாவும் ஒரு கோட் சிமென்ட்டும்

வணக்கம்.
போன வாரம் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சல்லிவன் கட்டிய கல் பங்களாவைப் பார்த்தேன். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கிய நிலத்தில் வெள்ளைக்காரர் கட்டிய வீட்டை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? காப்பாற்றத்தான் வேண்டுமென்றால், ஒரு கோட் சிமென்ட் பூசி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டால் இன்னும் நூறு வருடம் நிற்குமே?
எஸ்., மேட்டுப்பாளையம்

அன்புள்ள எஸ்.,

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் அந்த வீட்டு வேலையைத் தொடங்கியபோது ஊட்டிக்கு வண்டிச் சாலை கிடையாது. கல்லை உடைத்தது, சுமந்தது, அடுக்கியது எல்லாம் நம் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அந்தச் சுவர் ஒன்றுதான் அவர்கள் விட்டுப்போன சாட்சி. அதையும் வெள்ளைக்காரர் கணக்கில் எழுதிவிடுகிறீர்களே, நியாயமா? தோடர் நிலம் பற்றிய உங்கள் கோபம் சரிதான். ஆனால் மலை தோடர்களுக்கே சொந்தம் என்று கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசோடு மல்லுக்கட்டியவரும் அதே சல்லிவன்தான்.

அருங்காட்சியகம் வேண்டாம். அவருடைய 1819 வீடு கோத்தகிரி கன்னேரிமுக்கில் பாழாய்க் கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு நினைவகமாக இருக்கிறது. அது போதும். இங்கே பிள்ளைகள் நடமாடட்டும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் ‘ஒரு கோட் சிமென்ட்’. படித்தவர் நீங்களே இப்படி எழுதலாமா?

என் தாய்மாமா கொத்தனார். சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைக்கச் சொல்வார். கரண்டியில் ஒரு உருண்டை எடுத்துக் கவிழ்ப்பார். காரை ஒட்டிக்கொண்டு நின்றால் சுவருக்குப் போகும். விழுந்தால், “இன்னும் அரைடா” என்பார். கூலி ஆள் முணுமுணுத்தாலும் விடமாட்டார்.

அந்தக் காரை கல்லைவிட மென்மையானது. மலையில் மாதக்கணக்கில் சாரலும் பனியும் இருக்கும். சுவருக்குள் இறங்கிய ஈரம் காரை வழியாக மெல்ல வெளியேறிவிடும். காலப்போக்கில் காரைதான் உதிரும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் அப்படியில்லை. ரெயின்கோட் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் சட்டை உள்ளேயே நனைவதுபோல, ஈரம் சுவருக்குள் மாட்டிக்கொள்ளும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளை மட்டும் சிமென்ட்டால் அடைத்தாலும் ஈரத்துக்குக் கல்லே வழியாகிவிடும். கல்லில் உப்புப் பூத்து, முகம் செதில் செதிலாகக் கழன்று வரும். குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் இதைக் கண்ணால் பார்த்தேன். கான்ட்ராக்டர் சிமென்ட் அடித்து சில மழைக்காலம்கூட ஆகவில்லை, விரலால் தடவினாலே கல் மாவாக உதிர்ந்தது. மாமா இருந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பார். எனக்கு அழுகைதான் வந்தது.

கல்லில் போனது திரும்பி வராது, எஸ். கூரை ஒழுகாமல், தண்ணீர் சுவரடியில் தேங்காமல் பார்த்துக்கொண்டு, காரையைக் காரையாலேயே பழுது பார்த்தால் அந்தச் சுவர் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.

அப்புறம், மேட்டுப்பாளையம் பக்கம் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த பழைய கொத்தனார் யாராவது இருந்தால் விசாரித்து எழுதுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன்.